பெண் பாம்பு இணைசேரத் தயாரா, சினையாக இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது மூன்று வயதுப் பெண் பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை), எடை 1,600 கிராம். இரண்டு மாதமாக ஓர் ஆணை அதன் கூண்டில் விடுவதும் எடுப்பதுமாக இருந்திருக்கிறீர்கள். இரண்டு முறை இணைசேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இப்போது ஐந்து வாரமாக இரை எடுக்கவில்லை, உடலின் பின்பாதி பருத்துத் தெரிகிறது, எப்போது பார்த்தாலும் குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. இது சினையா என்பது முதல் கேள்வி. அடுத்த பருவத்தில், ஆணை விடுவதற்கு முன்பே பெண் தயாராக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இரண்டாவது. நடுவில், வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: அமுக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

நான் கால்நடை மருத்துவர். ஊர்வன பிராணிகளைப் பார்ப்பதே என் வேலையில் பெரும்பகுதி. பாம்பை நேரில் பார்க்காமல் சினை என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் கொடுத்த விவரங்களை மட்டும் வைத்து ஒன்றைச் சொல்லச் சொன்னால், இன்னும் சினையாகவில்லை, கருமுட்டைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்றுதான் சொல்வேன். குளிர்ந்த பக்கத்தைத் தேடிப் போவதுதான் இதற்கு முக்கியத் துப்பு. சினையான பெண் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, சூடான பக்கத்தை விட்டு நகராது. "சினைப் பாம்பு" என்று என்னிடம் கொண்டுவரப்படும் பால் பைத்தான்களில் நிறைய இந்த முந்தைய கட்டத்தில்தான் இருக்கின்றன.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், நாய், பூனையின் கணக்கைப் பாம்புக்கும் போட்டுப் பார்ப்பதிலிருந்து. அங்கே இணைசேர்ந்த நாளிலிருந்து நாள் எண்ணினால் குட்டி போடும் நாள் ஓரளவு வந்துவிடும். பாம்பில் அப்படி எண்ண முடியாது. இணைசேரும்போது ஆணின் விந்து பெண்ணின் கருக்குழாய்க்குள் போய்த் தங்குகிறது, அவ்வளவுதான். சினைப்பையில் இருக்கும் கருமுட்டைகள் மஞ்சள் கருவைச் சேர்த்துக்கொண்டு வளர வாரங்கள், சில இனங்களில் மாதங்கள் ஆகும். அவை முழு அளவுக்கு வந்து, சினைப்பையிலிருந்து விடுபட்டுக் கருக்குழாய்க்குள் இறங்கும்போதுதான் காத்திருந்த விந்தோடு சேர்ந்து கருவாகின்றன. இப்படி இறங்குவதைத்தான் ஓவுலேஷன் என்கிறோம். சினை அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இணைசேர்ந்ததைப் பார்த்தது நல்ல செய்தி என்றாலும், சினை என்பதற்கு அது சாட்சியம் ஆகாது. விந்து எவ்வளவு காலம் உயிரோடு காத்திருக்கும் என்பதும் வியப்பான சங்கதி: அமெரிக்காவில் வளர்ப்பில் இருந்த ஒரு கிழக்கு டைமண்ட்பேக் விரியன் ஐந்து ஆண்டுக்கும் மேலாகச் சேமித்து வைத்த விந்தைக் கொண்டு குட்டி ஈன்றது மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. நேற்று வாங்கிய பாம்பு, ஆணையே பார்க்காமல் அடுத்த ஆண்டு முட்டை வைத்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

இனி கட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம். பால் பைத்தானையே எடுத்துக்கொள்கிறேன், உங்களிடம் இருப்பதும் அதுதான், அதைப்பற்றித் தெரிந்ததும் அதிகம். ஓய்வில் இருக்கும் பெண்ணின் கருமுட்டைகள் 10 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். வளரத் தொடங்கும்போது பெண்ணுக்குப் பசி அதிகமாகும், போட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். 20, 25 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு பல பெண்கள் இரையைக் குறைக்கும், அல்லது அடியோடு நிறுத்தும். குளிர்ந்த பக்கம் போய்க் கிடப்பதும், கிண்ணத்தைச் சுற்றிக்கொள்வதும் இந்தச் சமயத்தில்தான். உடலின் பின்பாதி மெல்லப் பருக்கும். ஏறக்குறைய 40 மில்லிமீட்டரை எட்டும்போது ஓவுலேஷன் நடக்கும். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் இந்த இடைக்கட்டத்தில் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் இங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டத்திலிருந்து பின்வாங்கவும் பெண்ணால் முடியும். உடலில் இருப்பு போதாவிட்டாலோ, வெப்பம் சரியில்லாவிட்டாலோ, தொடர்ந்து தொந்தரவு இருந்தாலோ, வளர்ந்த கருமுட்டைகளை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் திடீரென்று மறுபடி இரை எடுக்கத் தொடங்கும். அப்போது சினை கலைந்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டியதில்லை, சினையே ஆகியிருக்காது.

ஓவுலேஷன் நடக்கும் நாளைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது பைத்தான், போவா வளர்ப்பவர்களுக்குக் கிடைத்த பாக்கியம். உடலின் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ திடீரென்று பெரிய வீக்கம் தெரியும், பெரிய இரை ஒன்றை அப்போதுதான் விழுங்கியதுபோல. பாம்பு இறுக்கமாகவும் அசௌகரியமாகவும் இருக்கும். உடலை நீட்டிப் போட்டுக் கிடக்கும், சில சமயம் தசை இறுகி இறுகித் தளர்வது தெரியும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். சில பெண்களில் இது தெளிவாகத் தெரியாது, சிலவற்றில் நாம் தூங்கும்போது வந்து போய்விடும். அதனால் வீக்கத்தைப் பார்த்தால் அது உறுதியான அறிகுறிதான். பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று பொருளில்லை. கருமுட்டை வளரும் கட்டத்தில் தினமும் ஒரு முறை, கூண்டைத் திறக்காமல், மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். ஒரு வாரப் படங்களை அடுக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது படத்தில் சிக்கும். கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் போன்ற மெலிந்த பாம்புகளில் இந்த வீக்கம் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. அவற்றில் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த அறிகுறி சட்டை உரிப்பது. என்னைப் பொறுத்தவரை, வீட்டில் வைத்தே பார்க்கக்கூடியவற்றில் இதுதான் மிகப் பயனுள்ளது. பால் பைத்தான் ஓவுலேஷன் முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் ஒரு முறை சட்டை உரிக்கும். அதிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் முட்டையிடும். சில நாட்கள் முன்பின் ஆகலாம். ஓவுலேஷனிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் ஆறு, ஏழு வாரம். கார்ன் ஸ்நேக்கில் இடைவெளி இன்னும் குறைவு: முட்டைக்கு முந்தைய சட்டையை உரித்த பிறகு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முட்டை வந்துவிடும். அதனால் அந்தச் சட்டையைப் பார்த்த அன்றே முட்டைப் பெட்டி தயாராக இருக்க வேண்டும். போவா முட்டையிடாது, குட்டி ஈனும். அதில் ஓவுலேஷனுக்குப் பிந்தைய சட்டையிலிருந்து 100 முதல் 120 நாள் கணக்கு. இந்த எண்களெல்லாம் வெப்பத்தைப் பொறுத்து நீளும், சுருங்கும். குளிர்ந்த அறையில் இருக்கும் போவா கூடுதலாகப் பல நாள் எடுத்துக்கொள்ளும்.

இதில் சிக்கல் என்னவென்றால், பாம்பு மற்ற நேரத்திலும் சட்டை உரிக்கும். சினைச் சட்டைக்கும் சாதாரணச் சட்டைக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. சினைச் சட்டையின்போது கண் மங்கும் காலம் கூடுதலாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பாம்பு வழக்கமாக எத்தனை வாரத்துக்கு ஒரு முறை உரிக்கிறது என்ற பழைய கணக்கு கையில் இருந்தால்தான், இந்தச் சட்டை முறைப்படி வந்ததா, இடையில் வந்ததா என்று பார்க்க முடியும். இரை கொடுத்த தேதி, மறுத்த தேதி, சட்டை, எடை, ஆணோடு விட்ட நாள், இணைசேர்ந்த நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான். சினையா என்ற கேள்விக்குத் தனி அறிகுறி எதுவும் பதில் சொல்வதில்லை. இரை மறுப்பு, வீக்கம், சட்டை, இடம் மாறிப் படுப்பது என்று இவை எந்த வரிசையில், எந்த இடைவெளியில் வந்தன என்பதுதான் பதில்.

இடம் மாறிப் படுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஓவுலேஷன் முடிந்ததும் பெண் வெப்பத்தைத் தேடும். கரு வளர நிலையான சூடு வேண்டும் என்பதால் சினைப் பெண் வெப்பத்தைக் கவனமாகக் காத்துக்கொள்ளும் என்பது, குறிப்பாகக் குட்டி ஈனும் இனங்களில், நன்றாக ஆராயப்பட்ட விஷயம். பைத்தான்களும் போவாக்களும் சில சமயம் உடலின் பின்பகுதியைத் திருப்பி வயிறு மேலே தெரியப் படுத்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர் பயந்துவிடுவார். இதைச் சினைக்குச் சாதகமான அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் துணை அறிகுறியாக மட்டும். சினைக்கு முந்தைய கட்டத்திலும் சில பாம்புகள் அப்படிப் படுக்கும். நிறம் வெளிறியது, கறுத்தது, குணம் மாறிச் சீறுகிறது என்பவற்றையெல்லாம் நான் குறித்துக்கொள்வேன், அவற்றை வைத்து முடிவு எடுக்கமாட்டேன். இரை மறுப்பும் அப்படித்தான். பால் பைத்தான் ஒன்றுமே இல்லாமலும் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் ஜாதி. ஆண்களும் பருவத்தில் அப்படியே.

சரி, பருத்த உடலுக்கு வருவோம். பாம்பின் உள்ளுறுப்புகள் தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் அடுக்கியிருப்பதால், வீக்கம் எங்கே என்பதே பாதி பதிலைச் சொல்லும். இதயம் முன்பகுதியில் இருக்கிறது. இரைப்பை ஏறக்குறைய நடுவில். சினைப்பையும் கருக்குழாயும் பின்பாதியில். வலது பக்கத்தது சற்று முன்னே, இடது பக்கத்தது சற்றுப் பின்னே. சிறுநீரகம் அதற்கும் பின்னால். அதனால் முட்டையால் வரும் பருமன் பின்பாதியில்தான் வரும். நடுவிலிருந்து வால் பக்கம் நீளமாகப் பரவியிருக்கும், நாளாக ஆகக் கீழே இறங்கும். பாம்பு ஊர்ந்து போகும்போது பக்கவாட்டில் மேடு பள்ளமாகத் தெரிந்தால் முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே சீராகப் பருத்து, வால் தொடங்கும் இடமும் தடித்து, பாம்பு வளையும்போது தோலில் மடிப்பு விழுந்தால் அது கொழுப்பு. கூண்டுப் பாம்புகளுக்குக் கொழுப்புப் பிரச்சினை ரொம்பவே சகஜம், சினை என்று நினைத்து இன்னும் தீனி போட்டு அதைக் கெடுப்பவர்களும் உண்டு.

கொழுப்போடு முடிந்தால் பரவாயில்லை. சினை என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் நோய் என்று தெரிந்தவற்றைப் பார்க்கும்போதுதான் மனசு கனக்கும். பல நாளாக மலம் கழிக்காமல் குடலில் இறுகிக் கிடப்பது எளிதாகத் தீர்வது. சிறுநீரக வீக்கமும் யூரிக் அமிலம் படிவதும் சரியாக முட்டை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேட்டைக் காட்டும். கட்டி, சீழ்க்கட்டி எங்கும் வரலாம். போன பருவத்தில் வெளிவராமல் தங்கிப்போன பழைய முட்டை கல்லாக இறுகிக் கிடக்கும். உடல் நடுவில், இரைப்பை இருக்கும் இடத்தில் விடாத வீக்கம், கூடவே விழுங்கிய இரையைச் சில நாளில் கக்குவது என்று சேர்ந்து வந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும்; பாம்புகளில் அது இரைப்பைச் சுவரைத் தடிக்கவைக்கும், மற்றப் பாம்புகளுக்கும் பரவும், குணமாவது அரிது. ஒரே ஒரு கணு மட்டும் தனியாகப் புடைத்திருந்தால், அது நாளாகியும் நகராமல் வளர்ந்தால், முதுகெலும்பு துருத்திக்கொண்டு பாம்பு மெலிந்துகொண்டே வயிறு மட்டும் பெரிதானால், சினையென்று காத்திருக்காதீர்கள். சினைப் பெண்ணும் சாப்பிடாமல் முதுகுப் பக்கம் கொஞ்சம் வற்றும்தான். அதனால் எடையையும் சேர்த்துப் பாருங்கள்: சினைப் பாம்பு சாப்பிடாவிட்டாலும் எடை பெரிதாக இறங்காது. சாப்பிடாத பாம்பின் எடை வாராவாரம் தெளிவாகக் குறைந்துகொண்டே போனால் அது வேறு கதை.

அமுக்கிப் பார்ப்பதற்கு இப்போது வருகிறேன். அனுபவம் உள்ளவர்கள் விரலை வயிற்றின் அடியில் லேசாக வைத்து, பாம்பை அதன் மேல் தானாக ஊர்ந்து போகவிடுவார்கள். வளர்ந்த கருமுட்டைகள் நூலில் கோத்த மணிகள்போல ஒவ்வொன்றாக விரலைத் தட்டிக்கொண்டு போகும். சொல்வதற்குச் சுலபம். ஆனால் விரலுக்குப் படுவது கருமுட்டையா, முட்டையா, கொழுப்புக் கட்டிகளா, இறுகிய மலமா என்று பிரித்தறிவது பழகிய கைக்கே சில சமயம் கஷ்டம். கருமுட்டையின் மேலுறை மெல்லியது; அழுத்தத்தில் உடைந்து மஞ்சள் கரு வயிற்றறைக்குள் கசிந்தால் அங்கே கடுமையான அழற்சி உண்டாகும், பாம்பு செத்தும் போகலாம். உங்கள் பாம்பு இருக்கும் கட்டத்தில், கருமுட்டை பெரிதாக இருக்கும் இந்தச் சமயத்தில்தான் அந்த அபாயம் அதிகம். அப்படி அமுக்கிக் கிடைக்கும் தகவலை ஸ்கேன் வலிக்காமல், உடைக்காமல் கொடுத்துவிடும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் இதில் நம்பத்தக்க வழி. மயக்கமருந்து தேவையில்லை, ஒருவர் பாம்பைத் தாங்கிப் பிடித்தால் போதும். கருமுட்டைகள் உருண்டையாகத் தெரியும், குறுக்களவை மில்லிமீட்டரில் அளக்கலாம். கருக்குழாய்க்குள் இறங்கிய முட்டைகள் நீள்வட்டமாக, ஓடு படிந்து வேறு மாதிரித் தெரியும். குட்டி ஈனும் இனங்களில் பிந்தைய கட்டத்தில் கருவின் இதயத் துடிப்பைக்கூடப் பார்க்கலாம். எக்ஸ்ரே அவ்வளவு உதவாது. பாம்பு முட்டையின் ஓடு தோல்போல மெத்தென்றிருக்கும், சுண்ணாம்பு குறைவு என்பதால் படத்தில் மங்கலாகத்தான் விழும். குட்டிகளின் எலும்பு கடைசிக் கட்டத்தில் விழும். எத்தனை என்று எண்ணவும், ஈன்ற பிறகு உள்ளே எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் அப்போது பயன்படும். இரத்தப் பரிசோதனையில் கால்சியமும் கொழுப்பும் ஏறியிருந்தால் கருமுட்டைக்கு மஞ்சள் கரு சேர்கிறது என்று பொருள். அது பெண் சுறுசுறுப்பாக இயங்குகிறது என்பதைச் சொல்லும், சினை என்று சொல்லாது. ஸ்கேனுக்கும் ஓர் எல்லை உண்டு: முட்டை இருப்பதைக் காட்டும், அது கரு உள்ள முட்டையா கூமுட்டையா என்பதை முட்டையிடும் இனங்களில் பெரும்பாலும் உறுதியாகக் காட்டாது.

இரண்டாவது கேள்வி, தயார்நிலை. எல்லோரும் எண்ணைக் கேட்கிறார்கள், எண்ணும் இருக்கிறது. பால் பைத்தான் பெண் 1,500 கிராம், கார்ன் ஸ்நேக் பெண் மூன்று வயது, 300 கிராம், மூன்றடி நீளம் என்பவை வளர்ப்பவர்கள் வழக்கத்தில் வைத்திருக்கும் அளவுகள். இவற்றுக்குக் கீழே போகக்கூடாது என்ற அளவில் நல்ல எண்கள்தான். ஆனால் இவற்றைத் தொட்டதுமே பெண் தயார் என்று எடுத்துக்கொள்வது தவறு. வேகமாகத் தீனி போட்டு 18 மாதத்தில் 1,500 கிராம் ஆக்கிய பெண்ணும், மூன்று ஆண்டில் நிதானமாக அந்த எடைக்கு வந்த பெண்ணும் ஒன்றல்ல. முந்தையதில் எலும்பும் தசையும் பின்தங்கி, கொழுப்பு முந்தியிருக்கும். முட்டை சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம் என்பது என் கருத்து.

பெண் பாம்பு முட்டைக்கான முதலீட்டை அன்றாட இரையிலிருந்து எடுப்பதைவிட, முன்பே சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறது. பிரான்சில் ஆஸ்ப் விரியன்களை வைத்து நடந்த நீண்டகால ஆய்வுகளில், உடலில் இருப்பு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் பெண் அந்த ஆண்டு கருமுட்டை வளர்க்கத் தொடங்குகிறது, இல்லாவிட்டால் அந்த ஆண்டை விட்டுவிடுகிறது என்று தெரிந்தது. கூண்டில் இருக்கும் பாம்புக்கும் இதே மாதிரித்தான் யோசிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் முதுகெலும்பு துருத்தாமலும், தோல் மடிப்பு விழாமலும், வெட்டுத்தோற்றம் உருண்டையான முக்கோணமாகவும் இருக்கிற பெண் நல்ல நிலையில் இருக்கிறது. போன ஆண்டு முட்டையிட்ட பெண் பழைய எடைக்குத் திரும்பாமல் இருந்தால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஒரு ஈட்டில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பறிபோகும்.

பருவமும் சேர வேண்டும். மிதவெப்ப நாடுகளிலிருந்து வந்த கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் போன்றவற்றைக் குளிர்காலத்தில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் இரண்டு, மூன்று மாதம் உறங்கவைத்து எழுப்புவது வழக்கம். அதற்கு முன் இரண்டு வாரமாவது இரை நிறுத்தி வயிறு காலியாக வேண்டும். செரிக்காத இரையோடு குளிரில் போட்டால் அது உள்ளேயே அழுகும். எழுந்து, சாப்பிட்டு, முதல் சட்டையை உரித்ததும் பெண் பெரும்பாலும் தயார். வெப்பமண்டலப் பைத்தானுக்கு இவ்வளவு குளிர் கூடாது. இரவு வெப்பத்தைச் சில டிகிரி குறைத்தால் போதும், அதுவும் இல்லாமல் இணைசேர்ந்த பாம்புகள் ஏராளம்.

தயாரான பெண்ணைக் கண்டுபிடிப்பதில் நம்மைவிட ஆண் கெட்டி. பெண்ணின் தோலிலிருக்கும் கொழுப்புப் பொருள்களே மணச் செய்தியாக வேலை செய்கின்றன; வட அமெரிக்கக் கார்ட்டர் பாம்பில் அவை மீத்தைல் கீட்டோன்கள் என்று 1989இல் கண்டறிந்தார்கள். சட்டை உரித்த பெண்ணிடம் ஆண் அதிக ஆர்வம் காட்டுவதை வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆண் நாக்கை வேகமாக நீட்டி நீட்டி முகர்ந்து, பெண்ணின் முதுகில் தாடையைத் தேய்த்து, வாலை வாலோடு சேர்க்கப் பார்க்கும். பைத்தானும் போவாவும் கழிவுத் துவாரத்தின் இரு பக்கமும் உள்ள சிறு முட்களால் பெண்ணைச் சுரண்டும். பெண் ஓடாமல் கிடந்து வாலைத் தூக்கிக் கொடுத்தால் சம்மதம். வாலை உதறிக்கொண்டு கூண்டெல்லாம் ஓடினால், உடலை இறுக்கிச் சுருட்டிக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், சில நாள் கழித்துப் பார்க்கலாம். பெண்ணைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் செய்து, கருமுட்டை வளரத் தொடங்கிய பிறகு ஆணை விடுவதுதான் இன்னும் திட்டமான வழி. ஆணைப் பல மாதம் பட்டினியில் அலையவிட வேண்டியதில்லை.

ஆணும் பெண்ணும் உண்மையிலேயே ஆணும் பெண்ணும்தானா என்பதையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரக் கல்லூரியில் ஆண் என்று நினைத்து ரொனால்டோ என்று பெயரும் வைத்து வளர்த்த ஒரு பிரேசிலிய ரெயின்போ போவா 2024இல் 14 குட்டிகள் ஈன்றது. பல ஆண்டுகளாக அது வேறு பாம்போடு இருந்ததே இல்லை. இரண்டு பாம்புகள் பின்னிப்பிணைந்து தலையைத் தூக்கி நிற்பதையும் பலர் இணைசேர்வதாக நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண்கள் பெண்ணுக்காகப் போடும் மல்யுத்தம். இணைசேர்வது தரையோடு தரையாக, வால்கள் மட்டும் கோத்தபடி, மணிக்கணக்கில் அமைதியாக நடக்கும்.

ஆண் இல்லாமலும் முட்டையோ குட்டியோ வரும் என்பதை மேலே சொன்ன போவாவே காட்டுகிறது. கரு இல்லாத கூமுட்டை போடுவது ஒரு வகை. கன்னிப்பிறப்பாக உயிருள்ள குட்டியே வருவது இன்னொரு வகை. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்களோடு வைக்கப்பட்டிருந்த ஒரு போவா இரண்டு முறை ஈன்ற குட்டிகளில் தந்தையின் மரபணுவே இல்லை என்று தெரியவந்தது. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 2020இல் 62 வயது மதிக்கத்தக்க ஒரு பால் பைத்தான், குறைந்தது 15 ஆண்டுகளாக ஆணை நெருங்காமல் இருந்தும், ஏழு முட்டை இட்டது. அதனால் "என் பாம்பு தனியாகத்தானே இருக்கிறது" என்பதை வைத்துச் சினையை விலக்கிவிட முடியாது.

இப்போதைக்கு நீங்கள் என்ன செய்யலாம்? ஸ்கேன் எடுக்கும்வரை சினை என்றே நடத்துங்கள். தவறாக இருந்தாலும் நஷ்டமில்லை. கையில் எடுப்பதை நிறுத்துங்கள். சூடான முனை 31, 32 டிகிரி, குளிர்ந்த முனை 26 டிகிரி அளவில், தெர்மோஸ்டாட் வைத்து, இரண்டு முனையிலும் பதுங்கிடம் வையுங்கள். எங்கே கிடக்கிறது என்பதை அதுவே முடிவு செய்யட்டும், நீங்கள் எழுதி மட்டும் வையுங்கள். இரையைச் சிறியதாக, வழக்கமான இடைவெளியில் காட்டுங்கள். மறுத்தால் எடுத்துவிடுங்கள், திணிக்க வேண்டாம். ஆணை இன்னும் சில முறை விடலாம், இணைசேர்வது இந்தக் கட்டத்தில் பயனுள்ளதுதான். ஓவுலேஷன் வீக்கத்தைப் பார்த்த பிறகு விட வேண்டாம். அதற்குப் பின் வரும் சட்டையை உரித்ததும், ஈரப் பாசி போட்ட, பாம்பு சுருண்டு படுக்கும் அளவுள்ள மூடிய பெட்டியைச் சூடான பக்கத்தில் வையுங்கள். மூன்று, நான்கு மாதம் கடந்தும் வீக்கமும் இல்லை, சட்டையும் இல்லை, பாம்பு சாப்பிடத் தொடங்கிவிட்டது என்றால் கருமுட்டைகளை உறிஞ்சிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் அன்றே போக வேண்டிய நிலைகள் சில உண்டு. ஒன்றிரண்டு முட்டை இட்டுவிட்டு, உள்ளே இன்னும் தெரிந்தும் 48 மணி நேரமாக எதுவும் வராமல் இருப்பது. விட்டுவிட்டு முக்கிக்கொண்டே இருப்பது. கழிவுத் துவாரத்திலிருந்து சிவந்த சதை வெளியே தள்ளியிருப்பது. கெட்ட நாற்றமுள்ள கசிவு. எதிர்பார்த்த தேதி தாண்டி இரண்டு வாரம் ஆகியும் பாம்பு சோர்ந்து கிடப்பது. பாம்பில் ஆக்சிடோசின் ஊசி ஆமைக்கு வேலை செய்வதுபோல நம்பகமாக வேலை செய்யாது. அதனால் சீக்கிரம் வந்தால்தான் ஊசியால் முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சிச் சுருங்கவைப்பதா, அறுவை செய்வதா என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கும். வரும் வழியில் பாம்பைத் துணிப்பையில் போட்டு, குளிராத பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். எண்ணெய் தடவி முட்டையைக் கையால் பிதுக்கித் தள்ளப் பார்க்காதீர்கள், கருக்குழாய் கிழிந்து வருகிற பாம்புகளில் பாதி அப்படித்தான் கிழிகின்றன.